சங்கு நண்டை யாரிடம் விட்டுப் போகிறீர்கள்?

ஓகஸ்ட் விடுமுறையில் திருகோணமலைக்குப் போய்வரும் சுற்றுலா பஸ்களில், ஈரத் துவாய்க்கும் கோணேஸ்வரத்து விபூதிப் பொட்டலத்துக்கும் நடுவே, எப்படியும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். டின்னுக்குள் ஒரு கை மணல், நாலைந்து சங்கு, ஒவ்வொரு சங்குக்குள்ளும் ஒரு நண்டு. நிலாவெளிக் கரையில் அந்தி நேரத்தில் பிள்ளைகள் பொறுக்கியவை. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று 150 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி வந்து, யட்டவத்தையின் மிளகுக்கொடிகளுக்கு நடுவே இறங்கும் அந்த நண்டுகளில் தைப்பொங்கல் வரைக்கும் உயிரோடு இருந்தவற்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை நான். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் பிள்ளைகள் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். "நல்லாத்தான் டீச்சர் இருந்திச்சி. நாங்க கொழும்புக்கு மாமா வீட்டுக்குப் போய்ட்டு வந்து பாத்தா அசையவே இல்ல." இன்னொரு பிள்ளை வீட்டில் கல்யாணம். வேறொரு வீட்டில் அம்மாச்சிக்கு சுகமில்லாமல் எல்லோரும் கண்டி ஆஸ்பத்திரியில். காரணம் வீட்டுக்கு வீடு மாறும். நண்டு செத்தது மட்டும் எப்போதும் வீட்டில் ஆள் இல்லாத நாட்களில்தான்.

இதில் பிள்ளைகளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. நாயை விட்டுப் போனால் அது ஊளையிட்டு லயத்தையே எழுப்பும். கோழி, தீனி இல்லையென்றால் அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போகும். சங்கு நண்டு சத்தம் போடாது. சங்குக்குள் ஒடுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் நண்டும் செத்துக்கொண்டிருக்கும் நண்டும் பழகாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அதனால் "நான் இல்லாத நாட்களில் இதை யார் பார்ப்பது?" என்ற கேள்வியை, பயணப் பையைக் கட்டும்போது கேட்பது பிந்திப்போன காரியம். கடற்கரையில், டின்னின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். அதற்கு நல்ல பதில் இல்லாத வீட்டுக்கு நண்டு வரக்கூடாது என்பதுதான் என் கட்சி.

கரையில் நாம் காணும் சங்கு நண்டு நிலத்தில் வாழ்வது. ஆனாலும் அது மூச்சு விடுவது செவுள்களால்தான். மீனைப்போல நீரில் மூழ்கியிருக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் செவுள் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். காற்றில் ஈரப்பதன் 75 முதல் 85 சதவீதம் வரை இருந்தால் அதற்கு நிம்மதி. அதற்குக் கீழே இறங்க இறங்க, செவுள் காயக் காய, நண்டுக்கு மூச்சு முட்டும். ஒரே நாளில் நடப்பதில்லை. நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் இழுக்கும். சங்குக்குள் கொஞ்சம் நீரை அது சேமித்து வைத்துக்கொள்ளும். அது தீர்ந்தபிறகுதான் தவிப்பு. பட்டினியைவிட இந்த வறட்சிதான் நண்டைக் கொல்கிறது. ஊருக்குப் போகும் அவசரத்தில் டின் நிறையச் சோறும் பிஸ்கட்டும் போட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு யாராவது இதை முதலே சொல்லியிருக்க வேண்டும்.

யட்டவத்தை குளிர்ச்சியான ஊர், ஈரமான ஊர், இங்கே எதுவும் காயாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அது உண்மை. துணி உலர்த்தவே இடமில்லாமல் அடுப்புக்கு மேலே கட்டுவோம். மாசி, பங்குனியில் வந்து பாருங்கள். ஆடிக் காற்று அடிக்கும்போது வந்து பாருங்கள். கொக்கோ இலை சருகாகி முற்றமெல்லாம் உருளும், உதடு வெடிக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் கோயில் திருவிழாவும் கல்யாணமும் பெரும்பாலும் அந்த வறண்ட நாட்களில்தான் விழுகின்றன. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர் ஓடுகிறது. ஊர் முழுக்க அங்கேதான் நிற்கும். வீட்டில் நண்டுக்கு யார் காவல்? மார்கழி இரவில் வேறு துன்பம். 24 பாகைக்குக் கீழே போனால் நண்டு சோர்ந்துவிடும். நம் மலைக்காற்று அதைத் தாராளமாகச் செய்யும்.

என் வீட்டில் இப்போது மூன்று சங்கு நண்டுகள் இருக்கின்றன. நானாகப் பிடித்து வந்தவை இல்லை. கொழும்புக்கே குடிபெயர்ந்த ஒரு குடும்பத்துப் பையன், போகிற அன்று காலையில் டின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "டீச்சர், அங்க ரூம்ல எடமில்லியாம். நீங்க பாத்துக்கோங்க." அவன் கேட்டதுதான் சரியான கேள்வி, அதைச் சரியான ஆளிடம் கேட்டிருக்கிறானா என்று பார்ப்பது என் பொறுப்பாகிவிட்டது. ஏனென்றால் நானும் ஊரில் நிலையாக இருப்பவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணிக்குக் கூப்பிட்டால் வெளியூரில் தங்கவேண்டும். கணவருக்கு வேலை கொழும்பில்.

ஆகவே நான் தொடங்கியது பெட்டியில் இருந்து. தினமும் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வளர்க்கிறோம் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் தெளிக்கும் கை ஊருக்குப் போனால் அந்தப் பெட்டி என்ன ஆகும்? தெளித்துத்தான் ஈரம் நிற்கவேண்டும் என்றால் அந்தப் பெட்டி சரியில்லை. ஆள் இல்லாமலே ஈரம் நிற்கும்படி கட்டிய பெட்டிதான் பெட்டி. அதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. பழைய கண்ணாடி மீன்தொட்டி ஒன்று. அதற்கு மேலே வலை போடாமல், கண்ணாடியையே மூடியாக வைத்து, ஓரத்தில் விரல் நுழையாத சின்ன இடைவெளி. உள்ளே கழுவிய மெல்லிய மணல் ஐந்து பங்கு, தென்னந்தும்புத் தூள் ஒரு பங்கு. நண்டு தன் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்துக்குப் புதையும் அளவுக்கு, குறைந்தது ஆறு அங்குலமாவது நிரப்ப வேண்டும். கைப்பிடியில் அள்ளி அழுத்தினால் பிடி கலையாமல் நிற்கிற அளவு ஈரம் போதும்; நீர் சொட்டினால் அதிகம். கண்டியில் வாங்கிய ஒரு சின்ன ஈரமானி உள்ளே ஒட்டியிருக்கிறது. இரண்டு கிண்ணம், ஒன்றில் நன்னீர், ஒன்றில் உப்புநீர். இரண்டிலும் நண்டு ஏறி இறங்கக் கல். கல் இல்லாவிட்டால் இந்த நில நண்டு நீரிலேயே மூழ்கிச் சாகும்.

தண்ணீர் விஷயத்தில் நம் மலைக்கு ஒரு கொடுப்பினை. குளோரின் கலந்த குழாய் நீர் நண்டுக்கு ஆகாது. எங்கள் பீலித் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. உப்புநீருக்குச் சமையல் உப்பைக் கரைப்பது தவறு. மீன்தொட்டிக் கடைகளில் கடல் உப்பு என்றே விற்கிறார்கள். லீற்றருக்கு 35 கிராம் அளவில் கரைத்தால் கடல் நீருக்குக் கிட்ட வரும். நண்டு இரண்டு நீரிலும் இறங்கி, சங்குக்குள் தனக்கு வேண்டிய அளவுக்குக் கலந்து வைத்துக்கொள்கிறது.

மாற்றுச் சங்குக்கும் நான் கடற்கரைக்குப் போகவில்லை. தோட்டத்தில் வாழையையும் மரக்கறியையும் தின்று தீர்க்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தை 1900ஆம் ஆண்டளவில் இந்தத் தீவுக்குள் வந்தது. செத்த நத்தைகளின் ஓடு மிளகுச் செடி அடியில் நிறையக் கிடக்கும். கொதிக்கவைத்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். பசிபிக் தீவுகளில் இதே நத்தையின் ஓட்டைத் தூக்கிக்கொண்டு சங்கு நண்டுகள் திரிவது அறிந்த செய்திதான். என் மூன்றில் பெரியது ஒரே இரவில் பழைய வீட்டைக் கழற்றிவிட்டுத் தோட்டத்து ஓட்டில் குடியேறிவிட்டது. சாயம் பூசிய சங்கு எங்கே கிடைத்தாலும் வைக்காதீர்கள். சாயம் உரிந்து வாய்க்குள் போகும்.

இப்படி அமைந்த பெட்டியை இரண்டு மூன்று நாளுக்கு விட்டுப் போகலாம், யாரும் வரத் தேவையில்லை. பயணத்துக்கு முன் வைக்கிற உணவு காய்ந்ததாக இருக்கட்டும். உலர்ந்த தேங்காய்த் துண்டு, நொறுக்கிய முட்டையோடு, உப்பில்லாத காய்ந்த நெத்தலி, சருகு. பலாச்சுளையும் மாம்பழமும் நண்டுக்குப் பிடிக்கும்தான், ஆனால் ஆளில்லாத வீட்டில் அவை பூஞ்சணம் பிடித்து, சிற்றெறும்பைக் கூப்பிடும். பெட்டி நிற்கும் மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்தால் எறும்பு ஏறாது. எறும்புப் பொடி பக்கமே போகவேண்டாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது, மாத்தளை மாவட்டத்திலும் மண்சரிவுக்குப் பயந்து கட்டிய துணியோடு வீட்டை விட்டு இறங்கியவர்கள் பலர். பிள்ளையையும் முதியவரையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிடம் நண்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் இந்த மலையில் வீட்டை விட்டுப் போவது எல்லா நேரமும் திகதி குறித்து நடப்பதில்லை. உயிரை வளர்க்கிறவர் அதையும் எண்ணித்தான் பெட்டியைக் கட்டவேண்டும்.

இரண்டு மூன்று நாளுக்கு மேல் போவதென்றால் ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் பக்கத்து வீட்டு அக்கா. கொழுந்து பறித்து, மாலையில் மிளகு காயவைத்து, நாலு கோழி வளர்க்கிறவர். நண்டைப் பார்க்கச் சொன்னதும் அவருக்குத் தயக்கம். "எனக்கு இதெல்லாம் தெரியாதே டீச்சர். செத்துக்கித்துப் போச்சின்னா?" என்றார். தெரியாதவரிடம் விடுவதில் ஒரு வசதி உண்டு, அக்கா நான் சொன்னதை மட்டும் செய்வார். கொஞ்சம் தெரிந்தவரிடம்தான் பயம். அவர் மணலைக் கிளறிப் பார்ப்பார்.

கிளறக்கூடாது. நண்டை விட்டுப் போகிறவர் பொறுப்பாளரிடம் முதலும் கடைசியுமாகச் சொல்ல வேண்டியது அதுதான். சங்கு நண்டு வளரும்போது தோலுரிக்கும். அதற்காக மணலுக்குள் புதைந்துவிடும். சின்ன நண்டுக்குச் சில வாரம், பெரியதற்கு மாதக்கணக்கு. புதுத் தோல் இறுகும்வரை உடம்பு ஈரத்துணி மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் தோண்டி எடுத்தால் நண்டு பிழைப்பது அரிது. வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் ஒரு நண்டைக் காணவில்லை என்றால் நல்ல மனசுக்காரர்கள் என்ன செய்வார்கள்? தேடுவார்கள். அந்த நல்ல மனசே நண்டுக்கு யமனாகிவிடும்.

விடைத்தாள் திருத்தப் போயிருந்தபோது ஒரு மதியம் அக்காவிடமிருந்து அழைப்பு. குரலே சரியில்லை.

"டீச்சர், ஒன்னு செத்துப் போச்சு. காலு, கண்ணு எல்லாம் தனியா கெடக்கு. தூக்கிப் போட்டுறட்டுமா?"

"தொடாதீங்க அக்கா. மூடியத் தொறந்து மோந்து பாருங்க. அழுகின மீன் நாத்தம் வருதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்லியே. மண்ணு வாசந்தான்."

"அப்ப அது செத்த நண்டு இல்ல. தோலு. கழட்டிப் போட்டிருக்கு. அப்புடியே விடுங்க, அதையே அது திங்கும்."

திங்கத்தான் வேண்டும். உரித்த தோலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை வைத்துத்தான் நண்டு புதுத் தோலை இறுக்கிக்கொள்கிறது. மணலுக்கு மேலேயே தோலுரித்த அந்த நண்டு, ஒரு நத்தை ஓட்டுக்குள் வெளிறிப்போய் ஒதுங்கியிருந்தது. மற்ற இரண்டும் அதைக் கடிக்காமல் இருக்க, அடிவெட்டிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை அதைச் சுற்றி மணலில் செருகி வைக்கச் சொன்னேன். அக்கா செய்தார். நான் திரும்பி வந்தபோது அது மேலே வந்து முட்டையோடு கொறித்துக்கொண்டிருந்தது. அக்கா அந்தத் தோலை அன்று குப்பையில் போட்டிருந்தால் நண்டு அதோடு சேர்ந்தே போயிருக்கலாம். அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்புத் தாளில், தோலா நண்டா என்று மோந்து பார்ப்பதும் இப்போது ஒரு வரியாக இருக்கிறது.

அந்தத் தாளில் நான் தடித்த எழுத்தில் எழுதியது நுளம்பைப் பற்றி. பொறுப்பாளர் இரவில் வந்து உட்கார்ந்து ஒரு நுளம்புச் சுருளைக் கொளுத்தினால் போதும். நுளம்பைக் கொல்லும் அந்த மருந்து வகை, நண்டு, இறால் இனத்துக்கும் கடும் நஞ்சு; ஆறு கால் பூச்சிக்கும் பத்துக் கால் நண்டுக்கும் நரம்பில் அது ஒரேமாதிரித்தான் வேலை செய்யும். டெங்கு பரவும் மாதங்களில் புகையடிக்க ஆள் வருவார்கள். வரவேண்டும், அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் ஜன்னல் திறந்து கிடந்தால், அந்தப் புகை பெட்டிக்குள் இறங்கும். புகையடிக்கும் சத்தம் கேட்டதும் பெட்டியை ஒரு பழைய போர்வையால் மூடி, ஜன்னலைச் சாத்தி, புகை அடங்கிய பிறகு திறக்கவேண்டும் என்று அக்காவின் மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதை எந்த வளர்ப்புக் கையேடும் நம் ஊருக்கென்று எழுதித் தரப்போவதில்லை. நாம்தான் யோசிக்கவேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இனிமேல் நண்டு பிடித்து வாருங்கள், இப்படி வளர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. வந்துவிட்டவற்றைக் காப்பாற்றத்தான் இத்தனையும். சங்கு நண்டு நல்ல பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேலும் வாழும். எட்டாம் வகுப்புப் பையன் பிடித்த நண்டு, அவனுக்குக் கல்யாணமாகி அவன் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வரும்வரை இருக்கவேண்டியது. முட்டையைத் தாய் நண்டு கடலில் விடுகிறது, குஞ்சு கடலில் மிதந்து வளர்ந்துதான் கரையேறுகிறது. ஆகவே வீட்டுப் பெட்டியில் அது பெருகாது. உலகமெங்கும் வளர்ப்புக்காக விற்கப்படும் நில நண்டுகள் அனேகமாக எல்லாமே கரையிலிருந்து பிடித்தவை. யப்பான் 1970இலேயே இந்த இனத்தைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டது.

கரையிலும் அவற்றின் பாடு நன்றாக இல்லை. இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் கரையொதுங்கிய பிளாஸ்டிக் போத்தல்களுக்குள் ஏறி, வழுக்கி, வெளியே வர முடியாமல் சுமார் 570,000 சங்கு நண்டுகள் செத்திருக்கும் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஒரு நண்டு சாகும்போது வரும் வாசனை, "இங்கே ஒரு சங்கு காலி" என்று மற்ற நண்டுகளைக் கூப்பிடும். அதைக் கேட்டு வந்தவையும் அதே போத்தலுக்குள் விழும். போலந்து ஆய்வாளர்கள் இணையத்தில் மக்கள் போட்ட படங்களைத் திரட்டிப் பார்த்து, சங்குக்குப் பதில் போத்தல் மூடி போன்ற குப்பையைச் சுமக்கும் 386 நண்டுகளைக் கண்டதாக 2024இல் எழுதினார்கள். ஸ்பெயினில் ஒரு கடற்கரையில் சுற்றுலாப் பயணிகள் பெருகிய முப்பது வருஷத்துக்குள், கரையில் கிடக்கும் சிப்பி ஓடுகள் பாதிக்கு மேல் குறைந்துபோயின. நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் போகும் நம் பஸ்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். காலிச் சங்கை எடுத்து வந்தாலும் அது யாரோ குடியேற இருந்த வீடு. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா; அங்கிருந்து ஒரு சங்கைக்கூட எடுப்பது குற்றம் என்பதைப் படகேறும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வலயக் கல்விக் காரியாலயத்தில் அனுமதி வாங்குகிறோம். பிள்ளைகள் பெயர், சாரதி விபரம், தங்குமிடம் எல்லாம் எழுதுகிறோம். கடற்கரையில் உயிருள்ள எதையும், சங்கையும், எடுத்து வரமாட்டோம் என்று இன்னொரு வரி சேர்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை. பஸ் புறப்படும் முன் டின்னைத் திறந்து பார்க்கும் வேலையை ஆசிரியர்கள் செய்யலாம். அந்தியில் கரையோரம் குந்தியிருந்து நண்டு சங்கு மாற்றுவதைப் பார்க்கக் காட்டினால், பிள்ளைகளுக்கு அது டின்னில் வருவதைவிட நல்ல பாடம். பெரியதில் இருந்து சிறியது வரை வரிசையாக நின்று, முதல் நண்டு வீடு மாறியதும் பின்னால் நிற்பவை ஒன்றன் பின் ஒன்றாக மாறும் அந்தக் காட்சியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எந்தப் பெட்டியிலும் அது கிடைக்காது.

என்னிடம் இருக்கும் மூன்றும் எந்தக் கரையில் பிடித்தவை என்பது எனக்குத் தெரியும். ஆகையால் அதே கரையில் கொண்டுபோய் விட எண்ணியிருக்கிறேன். எங்கே பிடித்தது என்று தெரியாத நண்டை, கிடைத்த கடற்கரையில் விடுவது சரியில்லை. அதை வீட்டில் வைத்துப் பார்ப்பதே மேல். இப்போதைக்குப் போகமுடியாது. பெரியது மணலுக்குள் இறங்கிவிட்டது, எப்போது மேலே வருமோ அப்போதுதான் பயணம்.

அக்காவுக்கு நான் காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. கதிர்காமக் கொடியேற்றம் வருகிறது, குடும்பத்தோடு போகிறார்கள். அந்த நாட்களில் அவர் கோழிகள் என் பொறுப்பு. கூட்டுச் சாவியை வாங்கிவிட்டேன். எந்தக் கோழி அடையில் இருக்கிறது, எது கொத்தும், தவிட்டில் எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். அவர் மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.